பேய்க்குக் குரல் பிடித்தவர்

காதுக்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. ஒலிப்பதிவுப் பிரிவில் தற்காலிக ஆளாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றார். அதுவரை மனுஷன் செய்த வேலை சத்தம் பிடிப்பது ஒன்றுதான்.

அது டிவிப் பேய்ப்படங்களின் காலம். கொட்டகைக்கு வந்த பெரிய படங்களைச் சொல்லவில்லை. டிவிக்கென்றே, நிலையத்துக்குள்ளேயே, கைக்குக் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய படங்கள். பாழடைந்த பங்களா என்றால் அட்டையும் சுண்ணாம்பும். மூடுபனி என்றால் முகப்பவுடரும் ஒரு மேஜை விசிறியும். பேயாக வந்த அம்மாள் வெள்ளைத் துணி தடுக்கி விழாமல் நடந்து முடித்தாலே அது பெரிய நடிப்பு. இந்த ஓட்டை உடைசலையெல்லாம் மூடி மறைத்து, ஊரையே போர்வைக்குள் நடுங்க வைத்தது காதுக்காரரின் சத்தம்தான். எலும்பு முறிய வேண்டுமா, கேரட்டை ஒடிப்பார். பிணத்தை இழுக்க வேண்டுமா, ஈரச் சாக்கை இழுப்பார். சாமான் அறைக் கதவு கிரீச்சிட்டதே என்று எண்ணெய் போட வந்த ஆளை, கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார் என்று அங்கே நெடுநாள் கேலி.

ஆனாலும் ஜனங்கள் மறக்காமல் வைத்திருப்பது ஒரே ஒரு சத்தத்தைத்தான். ஒரு படத்தின் கடைசியில், மழைக்கு நடுவே, கிணற்றடியில் அந்தப் பேய் அழும் அழுகை. அன்று அப்பா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இன்று பேரன் பேத்தி வந்துவிட்டது. இப்போதும் அதைச் சொன்னால் சிலிர்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. நரி ஊளையை மெதுவாக ஓட்டி, மேலே வயலினைச் சேர்த்தேன் என்பார். கேட்டவர்கள் அடேயப்பா என்று வாயைப் பிளப்பார்கள்.

நரியாவது வயலினாவது! சொல்லவே நாக்கூசுகிறது. அது அவருடைய கூடப் பிறந்த அக்காவின் குரல்.

அந்தப் படத்துக்கு மழைச் சத்தம் வேண்டியிருந்தது. நிலையத்தில் எந்நேரமும் சந்தைக் கூச்சல். அதனால் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஒரு மழை மத்தியானத்தில் பின்கட்டுத் தகரக்கூரைக்குக் கீழே வைத்து ஓடவிட்டார். அக்கா அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. புருஷன் லாரி ஓட்டப் போயிருந்ததால் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். லாரியில் கூடப் போன ஆள் நனைந்தபடி வந்து பின்வாசலில் நின்றான். பாலத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது, ஆள் பிழைக்கவில்லை என்றான்.

அக்கா அழுதாள். அழுகை என்றால் ஒரே ஒரு குரல், அடிவயிற்றிலிருந்து. கருவியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியது. காதுக்காரரின் கை தன்னால் போய்க் குமிழைத் திருகி அளவைக் குறைத்தது. அப்படியே கருவியை நிறுத்தியிருக்கலாம். பாவி மனுஷன் நிறுத்தவில்லை.

துக்கமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினால், இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பேயின் அழுகைக்கு எந்த நடிகை கத்தினாலும் கோழியைப் பிடித்தது போல இருக்கிறதாம். வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று காதுக்காரர் தவித்த நேரம் அது. அந்த நாடாவைப் போட்டுக் காட்டினார். இயக்குநருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று. அந்த வேலையின் சோற்றைத்தான் அக்காவும் அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட்டாள்.

படத்தை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கிணற்றடி வந்தால் அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அத்தைக்குப் பேய் என்றால் பயம் என்று தம்பி மகள் கைகொட்டிச் சிரிப்பாள். காதுக்காரரும் சேர்ந்து சிரித்து வைப்பார். அக்காவுக்குத் தெரியக் கூடாது, தெரியாமலே காலம் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய வேண்டுதல்.

மகள் வளர்ந்து, வேலைக்குப் போய், கைப்பேசி வாங்கியதும் அதே அழுகையை அழைப்பொலியாக வைத்தாள். மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார்.

"என்னப்பா நீங்க, இது நம்ம குடும்பச் சொத்து" என்றாள் அவள்.

அடுத்த அறையில் அக்கா தலை நிமிராமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பழைய டிவிப் பேய்ப்படப் பிரியர்கள் சேர்ந்து ஒரு மாலை அரங்கம் பிடித்து அந்தப் படத்தைப் போட்டார்கள். காதுக்காரருக்குப் பாராட்டு என்றார்கள். அத்தையும் வந்தே ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அத்தைக்கு முடியாது, உட்கார முடியாது, தலை சுற்றும் என்று எத்தனையோ சாக்குச் சொன்னார். மகளா கேட்பாள்? முன்வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கிணற்றடி வந்தது. எழுந்து போக வழியில்லாமல் அக்கா மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கைதட்டல், விசில்.

படம் முடிந்ததும் மேடையில் அதே கேள்வி. நரி, வயலின் என்று அவர் அதே பதிலைச் சொன்னார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து, யார் அந்தப் பேய் மாதிரி அழுது காட்டுகிறீர்கள் என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஆளாளுக்கு ஊளையிட்டு அரங்கமே அமர்க்களப்பட்டது. விளையாட்டாக மகள் ஒலிவாங்கியை வாங்கி அத்தை முன்னால் நீட்டினாள்.

"எனக்கு அது ஒரு தடவைதான் வந்துச்சு" என்றாள் அக்கா. "இனிமே வராது."

கிழவிக்கு என்ன குசும்பு என்று அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மகள்தான் முதலில் சிரித்தாள். மேடையில் போர்த்திய சால்வையோடு காதுக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுகூட எழுந்து உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

திரும்பும்போது மகள் வண்டி எடுத்துவரப் போனாள். வாசல் படியில் அக்காவும் தம்பியும் மட்டும் நின்றார்கள். சால்வையை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அக்கா, உனக்கு எப்பத்திலேர்ந்து..."

"என் குரல் எனக்குத் தெரியாதாடா? முதல் நாளே தெரியும்."

தலையைக் குனிந்துகொண்டு, படத்தில் சேர்த்திருக்கக் கூடாது, தப்புத்தான் என்று முணுமுணுத்தார்.

"படத்துல சேர்த்தது போகட்டும். வயித்துப்பாடு, விட்டுட்டேன்" என்றாள் அக்கா. "அன்னிக்கு நான் விழுந்தப்ப யாராவது பிடிப்பாங்களான்னு உன்னைத்தான்டா பார்த்தேன். உன் கை அந்த மிஷின் மேல இருந்துச்சு."

மகள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். படி இறங்க அக்காவுக்குக் கை கொடுக்கப் போனார் காதுக்காரர். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினாள்.