பாதி பலம்

நான் முதல்முறை வீட்டைவிட்டுக் கிளம்பிய வியாழக்கிழமை காலையில், அண்ணன் என் இரண்டு பெட்டிகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை நடந்தான். மற்றொரு கையை வேண்டுமென்றே கால்சட்டைப் பையில் விட்டிருந்தான்.

"பரதேசி, எலும்பும் தோலுமா திரும்பி வராத. அப்புறம் உன்னையும் நான்தான் தூக்கணும்."

பேருந்து நகர்ந்தபோது நான் அழவில்லை. அவன்தான் மூக்கை உறிஞ்சினான்.

அன்று பிற்பகல் மருத்துவமனையில் அவன் ஒருவரைக் கீழே போட்டுவிட்டான்.

அண்ணன் வார்டு உதவியாளன். நோயாளிகளைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கும் நாற்காலிக்கும் மாற்றுவது அவன் வேலை. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்பது விதி. அவனுக்கு ஜோடியாகப் போட்டிருந்தவர் ஒல்லியான மனிதர், வார்டே அவரைக் குச்சி என்றுதான் கூப்பிடும். "நீங்க கைய வச்சா எனக்கு ரெண்டு வேலை. தள்ளுங்கண்ணே" என்று அவரை ஒதுக்கிவிட்டு இவன் தனியாகவே தூக்குவான். இவனுக்குப் பெயர் கிரேன். பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? அன்று ஈரத்தரையில் கால் வழுக்கியது. கையில் இருந்த வயதான தையல்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

வேலை போகவில்லை. ஹெட் நர்ஸ் அவனைத் துணி அறைக்கு மாற்றினார். நோயாளிகளைத் தொடக் கூடாது, போர்வைகளை மடித்தால் போதும்.

"காலையில கண்ண மூடி உக்காருவானே, அதையும் விட்டுட்டான்டி" என்று அம்மா தொலைபேசியில் சொன்னாள். உண்மையைச் சொன்னால் அது பெரிய பிரார்த்தனை ஒன்றும் இல்லை. கடவுளிடம் அரை நிமிடம் ஆஜர் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுவான். இப்போது அதுவும் இல்லை. நான் கேட்டபோது, "கண்ண மூடினா எலும்பு முறிஞ்ச சத்தம்தான் கேக்குது. நான் சாமிகிட்ட என்னத்தப் பேச?" என்றான். தையல்காரர் வீடு திரும்பிய பிறகு இரண்டு முறை அவர் தெரு வரை போயிருக்கிறான். இரண்டு முறையும் முனையிலிருந்தே திரும்பிவிட்டான்.

அந்தத் துணி அறைக்கு ஒருநாள் விரிப்பு வாங்க வந்தார் பிசியோதெரபிஸ்ட், அவனைவிட வயதில் சின்னப் பெண். அவன் குனிந்து மூட்டையைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தன வருஷமும் முதுகாலதான் தூக்கினீங்களா? அவருக்கு இடுப்போட போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

எல்லோரும் ஆறுதல் சொல்லியே அவனைக் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. இந்தத் திட்டு அவனுக்கு மருந்து மாதிரி இருந்ததாம்.

மறுநாள் முதல் தினமும் காலை ஆறு மணிக்குத் துணி அறையிலேயே அவரிடம் பயிற்சி. முதல் இரண்டு மாதம் மணல் மூட்டையை அணைத்துக்கொண்டு பத்து எண்ணி உட்கார வேண்டும், பத்து எண்ணி எழ வேண்டும், அவ்வளவுதான். கிரேனின் தொடைகள் வெடவெடவென்று நடுங்கின. பிறகு குச்சி அண்ணனும் வந்தார். பலகையில் மூட்டை, மூட்டையின் மேல் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர். மூன்று எண்ணியதும் இருவரும் தூக்க வேண்டும். அண்ணன் பழக்கத்தில் வெடுக்கென்று தூக்குவான். டம்ளர் சரிந்து குச்சி அண்ணன் நனைவார்.

"தம்பி, நான் வீட்லயே குளிச்சிட்டுத்தான் வர்றேன்."

"நீங்க கொஞ்சம் வேகமாத் தூக்குங்கண்ணே."

"என்கிட்ட இருக்கறதே இவ்வளவுதான். நீ குறைச்சுக்கோ."

குறைப்பதற்கு அவனுக்கு ஐந்து மாதம் பிடித்தது.

ஒன்றரை வருடம் கழித்து நான் திரும்பி வந்து அந்த அறையில் அவர்களைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு அண்ணன் குச்சி அண்ணனின் மார்பைப் பார்த்துக் காத்திருந்தான். அவர் மூச்சு உள்ளே போனது. மூன்று. பலகை எழுந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்காரத் தெரியாத நான் அசையாமல் நின்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது அவனாகவே சொன்னான்.

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல சும்மா நிக்கணும் பாரு, அப்ப நான்ங்கிறதே இல்ல. அவரு மூச்சு மட்டும்தான் இருக்கு. அங்கதான் மறுபடியும் கும்பிடத் தோணிச்சு."

"என்ன வேண்டிக்கிட்ட?"

"வேண்டல. நன்றி சொன்னேன். என் முட்டிக்கு, குச்சி அண்ணனுக்கு, அந்த மணல் மூட்டைக்கு."

"மூட்டைக்கா?"

"அத எத்தன தடவ கீழ போட்டிருப்பேன். ஒரு தடவகூட வலிக்குதுன்னு சொல்லல."

எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பலத்தைக் கூட்டத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதில் பாதியை இருப்பு வைக்கவும் தெரிய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. நான் போன ஊர்களிலெல்லாம் கண்மூடி அமர்ந்திருந்த ஆண்களை மரியாதையோடுதான் பார்த்தேன். என் அண்ணனுக்கு அந்த அமைதி தொடை நடுக்கத்தில் தொடங்கியது. உடம்பு பழகி அடங்காமல் இருந்திருந்தால் தன் குற்ற உணர்ச்சியையே பக்தி என்று நினைத்துக் காலம் தள்ளியிருப்பான். அவனைத் திட்டிய அந்தப் பெண்ணுக்கும், மாதக்கணக்கில் நனைந்த அந்த மனிதருக்கும் எங்கள் வீடே கடன்பட்டிருக்கிறது.

ஹெட் நர்ஸ் அவனுக்கு வார்டு வேலையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் தையல்காரரைப் பார்க்க மட்டும் அவன் போகவில்லை.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடேன்டா."

"கால் வர மாட்டேங்குது."

"இவ்வளவு உக்காந்து எந்திரிச்ச காலா?"

சிரித்தான். போகவில்லை. கேட்டுக் கேட்டு நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, போன செவ்வாய்க்கிழமை, நான் வேலையில் இருந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது:

"தையல்காரர் காய்ச்சல்னு வார்டுக்கு வந்திருக்கார். நான்தான் உங்களக் கீழ போட்டவன், மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். தெரியும்ப்பா, மூஞ்சி மறக்குமான்னார். உங்களத் தூக்க வேற ஆளக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். எதுக்கு, அவசரப்படாமத் தூக்குங்க போதும்னார். குச்சி அண்ணனும் நானும் தூக்கினோம்."