மூழ்காத தளபதி

மகளின் நீச்சல் வகுப்பில் குளோரின் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால்கள் தன்பாட்டில் வாசலை நோக்கித் திரும்புகின்றன. வெட்கங்கெட்ட கால்கள்.

எழுபதுகளில் சிட்னியில் எங்கள் நீச்சல் வகுப்பிலேயே தண்ணீரில் குதிக்காதவன் நான் ஒருவன்தான். அன்றும் குதிக்காவிட்டால் குழந்தைகள் தொட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். குதிக்கும் பலகையின் நுனியைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு நின்றேன். பின்னால் என் ரஷ்யத் தோழன் கோல்யா. ஒரு மீசைக்காரக் குதிரைப்படைத் தளபதியைப் பற்றித் தினமும் பகிடி சொல்லிச் சிரிக்கவைப்பவன். பகிடிகளில் அந்தத் தளபதி எந்தக் குண்டுக்கும் சாவதில்லை.

கோல்யா பேசியது ஆங்கிலம். என் நினைவில் மட்டும் யாழ்ப்பாணத் தமிழ்.

"தளபதி ஆத்தில குதிச்ச மாதிரிக் குதியடா!"

"குதிச்சு?"

"மூழ்கிப்போனார்."

"என்னடா சொல்லுறாய்?"

"ஓமடா. அவரைப் பற்றின சினிமாப் படத்தில ஒவ்வொருமுறையும் மூழ்குவார். இந்தமுறையாவது கரைசேருவார் எண்டு ரஷ்யாவில எங்கட பெடியள் திரும்பத் திரும்பப் போய்ப் பாப்பாங்கள். அதாலதான் பகிடியில சாகவிடுறேல்லை."

இறங்கி ஓடத் திரும்பினேன். ஏணி நிறைய வகுப்புப் பெடியள். வேறு வழியில்லாமல் குதித்து, பாதித் தொட்டியைக் குடித்துவிட்டுக் கரையேறினேன். என் வீரம் அவ்வளவுதான்.

இப்போது பலகையில் மகள். "அப்பா, பயமா இருக்கு."

அவளுக்குத் தளபதியின் பகிடி ஒன்றைச் சொல்கிறேன். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.