அபராதப் படத்தில் நைனா

எங்கள் தெரு எண்ணூர் விரைவுச் சாலையில் போய் முட்டும். இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் கடல், நடுவில் ஓயாமல் கண்டெய்னர் லாரிகள். என் அப்பா துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். காலையில் கடல் பக்கம் போய், கருங்கற்கள் மேல் தோஸ்துகளோடு உட்கார்ந்து கதை பேசிவிட்டு, மீன் வாங்கி வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். கிரேன் இரைச்சலில் வலது காது போய்விட்டது. சாலையில் இறங்கினால் லாரி வருவதும் அந்தக் காதுப் பக்கம்தான்.

வேகத்தைப் பிடிக்கும் கேமரா வைத்தபோது தெருவிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. கேமரா எங்கள் தெருமுனையில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது. அதைக் கண்டதும் டிரைவர்கள் பரம சாதுவாகிவிடுவார்கள். தாண்டியதும் விட்டதைப் பிடிக்கிற வேகம். அந்த வேகம் உச்சத்துக்கு வருகிற இடம் எங்கள் தெருமுனை. கேமராவால் சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேமராவுக்கு அடியில் மட்டும் பாதுகாப்பு இருந்து எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

"நைனா, இங்க தாண்டாத. கேமரா கிட்டப் போய் தாண்டு" என்றேன்.

"சரிம்மா."

அந்தச் சரியை நான் நம்பவில்லை. பீடியை விடச் சொன்னபோதும் இதே சரியைத்தான் சொன்னார். முட்டிவலிக்காரர், அவ்வளவு தூரம் சுற்றிப் போவாரா? தினமும் கேட்பேன். "அங்கதான் தாண்டுனேன்" என்பார், என் முகத்தைப் பார்க்காமல். மீன் பையோடு அவர் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பிரேக் சத்தம் கேட்டால் கையில் கரண்டியோடு தெருமுனைக்கு ஓடியிருக்கிறேன்.

எங்கள் ஸ்கூட்டர் என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது கணவர். லாரிக்காரர்களுக்கு அறிவே இல்லை என்று சாப்பாட்டுத் தட்டின் முன் தினமும் பிரசங்கம் செய்பவர். போன மாதம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஸ்கூட்டர் வேகமாகப் போனதற்கு அபராதமாம். தட்டினால் புகைப்படம். நான் இஸ்திரி போட்ட கட்டம் போட்ட சட்டை, நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பை. வரட்டும் இன்றைக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி எண்ணைப் பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினேன்.

ஓரத்தில், சாலையின் நடுத்திட்டில் ஒருவர் நின்றிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, கையில் மஞ்சள் பை. என் அப்பா.

கேமராவுக்கு அடியில், நான் சொன்ன அதே இடத்தில். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை மாதமும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப் போய்விட்டது. கேமராவை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! அபராதத்தை அப்போதே சந்தோஷமாகக் கட்டினேன்.

மீன் அலசிக்கொண்டிருந்த அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்ம மாப்ளதான். அன்னிக்கு இன்னா ஸ்பீடா வந்துகினு இருந்தாரு தெரியுமா? பாத்துட்டு அப்டியே நின்னுட்டேன்."

"ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வூட்ல ரகள பண்ணுவ. பாவம், அவருக்குச் சோறு எறங்காது."

சாயங்காலம் கணவர் வந்ததும் போனை நீட்டினேன். தன் சட்டையைப் பார்த்ததும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அப்புறம் லுங்கியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அன்று சாப்பாட்டுத் தட்டின் முன் பிரசங்கம் நடக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா மஞ்சள் பையை எடுத்ததும், இவர் அவசரமாக ஸ்கூட்டரை வெளியே தள்ளினார்.

"ஏறுங்க மாமா, நானே அந்தாண்ட வுட்டுட்டுப் போறேன்."

அப்பா ஸ்கூட்டரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"வாணாம் மாப்ள, நீங்க போங்க. எனக்கு கேமராவே போதும்."