லெவி போடாத விண்ணப்பம்

லெவி பார்டிக்கு அறுபத்து நான்கு வயது. எவ்வளவு மூடுபனி என்றாலும் டிக்கில் விரிகுடாவின் பாறைகளுக்கு நடுவே படகைச் சிராய்ப்பில்லாமல் கொண்டுவந்துவிடுவான். மூஸ் மானை ஒரே குண்டில் சாய்ப்பான். எழுத்து மட்டும் வராது. ஒன்பது வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பவே இல்லை. அது மனைவி எஃபிக்குத் தெரியும். அவள் இறந்து ஆறு வருஷமாகிறது. தபாலாபீஸ் வெல்மாவுக்கும் தெரியும். தெரியும் என்று அவள் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

பனி உருகும் சமயத்தில் வேட்டை உரிமத்துக்கான படிவம் தபாலில் வரும். லெவி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போவான்.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் வெல்மா."

"தலைய எடுத்துட்டு வந்தியே, அதுவே பெரிசு. கொண்டா இங்க."

அவள் எழுதுவாள். காட்டின இடத்தில் இவன் கிறுக்குவான்.

படிவத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும்: லெவி, எஃபியின் தம்பி ஹெட்லி. இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரு மூஸ். ஒருவன் விண்ணப்பம் போட்டால் மற்றவன் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். போன வருஷம் உரிமக் குலுக்கலில் பெயர் விழவில்லை. இரண்டு வீட்டு ப்ரீசரும் காலி. ஒருமுறை விழாதவர்களுக்கு மறுமுறை முன்வரிசை என்பதால் இந்த வருஷம் நிச்சயம் என்று இருந்தார்கள்.

படிவம் வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது.

வெல்மா படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லதானாம் லெவி. தாளே கிடையாது. இங்க நாங்க போட்டுக் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஹெட்லி பொண்டாட்டிகிட்ட சொல்லு, ஜாய்ஸ் போன்லயே அஞ்சு நிமிஷத்துல போட்ருவா."

பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "எதுக்கு? நானே போட்டுக்கறேன்," என்றான் லெவி, எல்லோருக்கும் கேட்கும்படி.

அடுத்த வாரம் நூலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போனாள். திரையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. இருபது நிமிஷம் அதையே பார்த்தான். "உங்க மெஷின் ரொம்ப மெதுவா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான். கடைசித் தேதி கடந்தது.

கோடையில் படகுத்துறையில் ஹெட்லி கேட்டான்: "என்ன மச்சான், இந்த வருஷம் உரிமம் ஆண் மூஸுக்கு மட்டுந்தானா, எதை வேணா சுடலாமா?"

"எதை வேணா சுடலாம்."

ஹெட்லி அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். மறுநாளே ப்ரீசரைக் கழுவிக் காயவைத்தாள் ஜாய்ஸ்.

இலையுதிர் காலத்தின் முதல் வேட்டை நாள். காட்டுப் பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டியபடி ஹெட்லி கையை நீட்டினான். "உரிமத்தக் குடு, நான் வச்சிக்கறேன். நீ தொலைச்சிருவ."

"வண்டிய நிறுத்து."

நிறுத்தினான். லெவி கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: "உரிமம் இல்ல. நான் போடவே இல்ல."

"விளையாடாத."

"கம்ப்யூட்டர்ல போடணும்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுடா."

"ஜாய்ஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிருமே."

ஹெட்லி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "நாப்பது வருஷம் ஒரே படகுல இருந்தோம். எனக்குக்கூட சொல்லல. படகுத்துறைல வச்சு மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லிருக்க."

சதுப்பு ஓரத்தில் ஒரு பெண் மூஸ் வந்து நின்றது. நல்ல கொழுத்த உருப்படி. துப்பாக்கிகள் பின்னால் கிடந்தன. உரிமமில்லாமல் சுட்டுப் பிடிபட்டால் துப்பாக்கியும் போகும், வண்டியும் போகும். அது மேய்ந்து முடித்து மரங்களுக்குள் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹெட்லி வண்டியைத் திருப்பினான். அந்தக் குளிர்காலம் முழுக்க லெவியோடு பேசவில்லை.

பனி உருகினபோது ஜாய்ஸ் மட்டும் போனோடு வந்தாள். "பொறந்த தேதி சொல்லுங்கண்ணே."

சொன்னான்.

"ஒரு வருஷம் விட்டதால கடைசி வரிசைலதான் வரும். பரவால்ல, போட்டு வைப்போம். கூட்டாளி பேரு…" அவள் நிறுத்திக்கொண்டாள். ஹெட்லி இந்த முறை தன் அக்கா புருஷனை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனோடு சேர்ந்து விண்ணப்பித்திருந்தான். அதைப் போட்டுக்கொடுத்தவளே ஜாய்ஸ்தான்.

"அத வெறுமையா விட்டுரும்மா," என்றான் லெவி.