வெடிக்கும் என்று சொன்ன போன்

போன வருஷம் ஆடி மாதம், தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறவள். தீபாவளி ஆர்டர் குவிகிற சீசன் என்பதால் என் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். வீட்டில் நான், பிளஸ் டூ முடித்த என் மகள், என் வீட்டுக்காரரின் தங்கை என்று மூன்று பொம்பளைகள் மட்டும்தான்.

மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. கவுன்சலிங் எல்லாம் இப்போது ஆன்லைனில்தானே? எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாகப் போட்டு, நம் நம்பருக்கு வருகிற ஓ.டி.பி.யைக் கொடுத்து லாக் செய்ய வேண்டும். தேதியை விட்டால் ஒரு வருஷம் போச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு வருஷம் சும்மா இருக்கிற பெண்ணுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும், எல்லோரோடும் சேர்ந்து அவளும் ஏறிவிடுவாள். நான் அப்படி ஏறினவள்தான். என் மகள் ஏறக்கூடாது என்பதில் எனக்கு ஒரு வைராக்கியம். அதற்காகவே போனஸ் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, சிவகாசியில் ஒரு பாய் கடையில் புது ஸ்மார்ட் போன் வாங்கினேன். என்னுடைய பழைய பட்டன் போனை வீட்டுக்காரர் லாரிக்குக் கொண்டுபோய்விட்டார்.

வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே மாடல் போன் எங்கேயோ யாரோ ஒருவருடைய பையில் எரிந்துவிட்டதாம். டிவியில் இடி இடிக்கிற மியூசிக்கோடு, ‘உங்கள் கையில் இருப்பது போனா, குண்டா?’ என்று ஒருவர் கத்தினார். மறுநாள் யூடியூப், வாட்ஸப் எல்லாவற்றிலும் அதே பேச்சு. நான் என்ன போன் கம்பெனி முதலாளியா, நஷ்டம் வந்தால் அடுத்த மாடலில் எடுத்துக்கொள்ள? திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி பாய் கடைக்குப் போனேன்.

“கம்பெனியில இருந்து ஒரு தகவலும் வரலைக்கா. எதை வச்சு நான் திருப்பி எடுக்க? இங்கன பாருங்க, இதே மாடல் வாங்க ஆளில்லாம பெட்டி பெட்டியாக் கிடக்கு” என்று அவர் கையை விரித்துவிட்டார். கோபத்தோடு வந்தேன்.

எங்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மற்றவர்கள் போனையெல்லாம் அவர் அலமாரியில் அடுக்கினார். என்னுடையதை மட்டும் வாங்கி, தீயணைக்க வைத்திருக்கும் மணல் வாளிக்குள் வைத்தார்.

“என்னண்ணே இது?”

“தப்பா நெனைக்காதீக தாயி. நாலு பேரு போனு இருக்கிற எடம்.”

வேனிலும் அதே கூத்து. “ஏக்கா, ஒங்க மடியில இருக்கிறத ஜன்னல் பக்கமா வச்சுக்கோங்க” என்றாள் ஒருத்தி. நாளெல்லாம் வெடியைப் பெட்டியில் அடுக்குகிற கூட்டம், போனைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எங்கேயோ ஒரு பட்டறையில் விபத்து என்றால் மொத்த சிவகாசியையும் சேர்த்துத்தான் டிவியில் காட்டுவார்கள். அப்போது, “நம்ம கம்பெனியில எம்புட்டுக் கவனமா இருக்கோம், நம்மளையும் சேர்த்துச் சொல்றாகளே” என்று பொருமுகிறவர்களும் இதே ஆட்கள்தான். அதையும் வேனிலேயே சொல்லிக் காட்டினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் வீட்டில் என் நாத்தனாரிடம் அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய புருஷன் வெடிவிபத்தில் போனவர். அதிலிருந்துதான் அவள் எங்களோடு இருக்கிறாள். போன் இருக்கிற பக்கமே அவள் வர மாட்டாள். மகள் அதைக் கையில் எடுத்தால் போதும், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

கவுன்சலிங்கில் லாக் செய்ய வேண்டிய கடைசி நாள் வந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. நான் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். சர்வர் சுற்றிச் சுற்றி நின்றதில் மகளால் காலையில் முடிக்க முடியவில்லை. சார்ஜ் குறைந்ததால் ஜன்னல் ஓரமாகச் சொருகி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்று. மேற்கே சாய்ந்த வெயில் நேராக அதன் மேல் விழுந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

‘தொபுக்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் வாளிக்குள் போன் கிடக்கிறது. பக்கத்தில் நாத்தனார் நிற்கிறாள்.

“சுட்டுச்சு மதினி. தொட்டுப் பார்த்தேன், சுட்டுச்சு...”

கம்பெனியில் எங்களுக்கெல்லாம் பழக்கிவிட்டது அதுதான். ஒரு சரக்கு சூடாகிறது, புகைகிறது என்று சந்தேகம் வந்தால் யோசிக்கக் கூடாது, தண்ணீரில் போட வேண்டும். ஒரு காலத்தில் கம்பெனி வேலைக்குப் போனவள்தான் அவளும், யோசிக்காமல் போட்டுவிட்டாள். வெடிக்கு அது சரி. போனுக்கு?

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அவள் சொன்னாள்:

“அன்னைக்கு டீக்கடை டிவியில அவுக கம்பெனி பேரைப் போட்டப்ப நான் நம்பலை மதினி. டிவியில சொல்றதெல்லாம் நெசமாவா இருக்கும்னு வீட்டுக்கு வந்து சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். அவுக இல்லாமப் போயிட்டாக.”

இத்தனை வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. என் ஆத்திரம் அங்கேயே அடங்கிப்போனது. ஆனால் மகளுடைய படிப்பை வாளிக்குள் விட்டுவிட்டு நான் உட்கார முடியுமா?

“அழுறதை அப்பறம் வச்சுக்கிருவோம். ரெண்டு பேரும் எந்திரிங்க” என்றேன்.

போனை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், அதில் உயிர் இல்லை. ஊக்கை நுழைத்து சிம்மை வெளியே தள்ளி, முந்தானையில் முடிந்துகொண்டேன். பக்கத்து வீடுகளில் போன் கேட்கலாம் என்றால், பகலில் எங்கள் ஊர்ப் போன்களெல்லாம் கம்பெனி கேட்டில்தான் கிடக்கும். கிடைத்த ஷேர் ஆட்டோவில் மூவரும் சிவகாசிக்குப் போனோம். கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம் மாடிப்படி வரைக்கும் நின்றது. மணி நாலைத் தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல், கோபித்துக்கொண்டு வந்த அதே பாய் கடைக்குள் நுழைந்தேன்.

நடந்ததைச் சொன்னேன். பாய் அலமாரியிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை எடுத்து, சீல் ஸ்டிக்கரைக் கிழித்து, போனை எடுத்து என் சிம்மைப் போட்டார். விற்காமல் கிடந்த அதே மாடல்.

“சீலைக் கிழிச்சிட்டீகளே பாய்!”

“கிடக்கட்டும்க்கா. பிள்ளை படிப்பு முக்கியமா, சீலு முக்கியமா? சார்ஜ் கம்மியாத்தான் இருக்கும், வயரோடவே வச்சுப் பாரு பாப்பா” என்று மேஜை ஓரத்தில் சார்ஜரைச் சொருகிக் கொடுத்தார்.

மகள் உட்கார்ந்தாள். நாத்தனார் கடை வாசலில் முகம் வெளுத்து நின்றாள். “அத்தை, நீங்க வேணும்னா ரோட்டுப் பக்கம் போய் நில்லுங்க” என்றாள் மகள், பாவப்பட்டு.

அவள் போகவில்லை. நேராக உள்ளே வந்தாள். மகள் கையிலிருந்த போனுக்கு அடியில் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“என் கையில வச்சு அமுக்கு. சூடு ஏறுச்சுன்னா எனக்குத்தான் மொதத் தெரியும். சொன்ன ஒடனே நீ கையை எடுத்துரு” என்றாள்.

அந்தக் கையின் மேல் போனை வைத்து, மகள் ஒவ்வொரு காலேஜாகப் போட்டாள். பாய் ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். சர்வர் ஒருமுறை நின்றது, திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வந்தோம். நாத்தனார் நெற்றியில் வேர்வை வழிந்தது, கையை மட்டும் அவள் எடுக்கவில்லை. ஓ.டி.பி. வந்தது. லாக் ஆனது. மணி இன்னும் ஐந்து ஆகவில்லை.

“முடிஞ்சிருச்சா?” என்று கேட்டு, அப்புறம்தான் கையை எடுத்தாள். “சூடே ஏறலை மதினி” என்று சொல்லிவிட்டு, கடை என்றும் பார்க்காமல் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

வேறு மாடல் தரவா என்று பாய் கேட்டார். “இதையே குடுங்க பாய்” என்று, பணத்தை மாசா மாசம் தருவதாகச் சொல்லி அந்தப் போனையே வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் போனால் திரும்பவும் மணல் வாளிதான் என்று தெரியும். இருந்தால் இருக்கட்டும். கொஞ்ச நாள் கழித்து, டிவியில் காட்டிய அந்தப் பை எரிந்ததற்குக் காரணம் போன் இல்லை, ஏதோ ஒரு மட்டமான சார்ஜர் என்று செய்தி வந்தது. அதற்கு மியூசிக்கும் இல்லை, அதை யாரும் வாட்ஸப்பில் அனுப்பவும் இல்லை. நான்தான் வேனில் ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் படித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த வாரம் என் போன் மணலை விட்டு அலமாரிக்கு ஏறியது.

மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். ஒரு பொருளைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் நாலு இடத்தில் விசாரிக்காமல் நான் நம்புவதில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பயப்படுகிறவர்களைப் பார்த்து இப்போது சிரிப்பதும் இல்லை, ஏனென்றால் பயத்தோடு விரித்த ஒரு கையின் மேல்தான் என் மகள் தன் படிப்பை எழுதிக்கொண்டாள்.