பழைய கீபோர்டில் முப்பத்தொரு பக்கம்

சித்தூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் என் மனைவி இருபத்தாறு வருடம் டைப்பிஸ்டாக இருந்தாள். மனுவோ நோட்டீஸோ, எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போகும். சர்க்கரை நோய் அவள் கண்களைப் பறித்ததும் வேலையை விட்டாள். நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் திருப்பதிக்கே குடிவந்தோம்.

ஒரு நாள், ஏதோ எழுத வேண்டும் என்றாள். லேப்டாப்பை முன்னால் வைத்தேன். கொஞ்சம் தட்டிவிட்டுத் தள்ளிவைத்தாள்.

"அமுங்கிச்சா இல்லியான்னே தெரில. மேஜையத் தட்ற மாதிரி கீது."

"பேசினா போனே எழுதிக்கும்" என்றேன்.

"வாயால சொல்ற விசயம் இல்ல. ஆபீஸ்ல என் பழைய கீபோர்டு இருந்தா கேட்டு எத்துக்கினு வாங்க."

அடுத்த சனிக்கிழமை சித்தூருக்குப் போனேன். குமாஸ்தா பரணிலிருந்து அதை இறக்கிக் கொடுத்தார்.

"புதுசு நாலு வாங்கி நாலும் போச்சு சார். இது மட்டும் சாவல."

மஞ்சளேறிப்போன, செங்கல் கனம் கனக்கிற கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு ஸ்பிரிங். அழுத்தினால் விரலிலும் காதிலும் ஒரே நேரத்தில் 'டக்' என்று விழும். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா தட்டிக்கொண்டே வந்தேன். நிறுத்த மனம் வரவில்லை. புத்தலப்பட்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் ஒரு கட்டையை அழுத்திச் சிரித்தாள்.

அதன் வட்ட முனை லேப்டாப்பில் பொருந்தவில்லை. கடை கடையாக அலைந்து ஓர் இணைப்பு வயர் வாங்கிப் பொருத்தினேன். அவள் விரல்களை வைத்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது. அந்த வேகத்தை நான் பார்த்து வருடங்களாகியிருந்தன.

"முடியிற வரைக்கும் படிக்கக் கூடாது" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் எழுதுவாள். நாங்கள் போனில் செய்தி அனுப்புவதுபோல, தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். சாயங்காலம் நான் சேமித்து மூடிவிடுவேன். படித்ததில்லை.

ஒரு மாதம் போயிருக்கும்.

"முடிச்சிட்டேன். இப்ப படிங்க. சத்தமாவே படிங்க."

படித்தேன். புத்தூரில் எங்கள் கல்யாணம், முதல் வாடகை வீடு, கலைந்துபோன குழந்தை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் 'இதை நான் உங்களிடம் சொன்னதில்லை' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு வெறும் எழுத்துக் குப்பை. பக்கம் பக்கமாக.

"இன்னா நிறுத்திட்டீங்க?"

சர்க்கரை விரல் நரம்புகளுக்கும் வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சத்தம் சரியாக வந்திருக்கிறது. கட்டைகள்தான் தவறியிருக்கின்றன. கைகள் இடம் மாறியதை விரல்கள் அவளுக்குச் சொல்லவில்லை.

"கை தள்ளிப் போயிருக்கு. மேல படிக்க வரல."

"எத்தினி பக்கம்?"

"மொத்தம் முப்பத்தொண்ணு. ரெண்டுதான் புரியுது."

கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "சொல்லேன், நான் அடிக்கிறேன்" என்றேன்.

"வாயால சொல்ல முடிஞ்சா இத்தினி வருசம் சும்மா இருந்திருப்பனா?"

கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு எழுத்து வலது, ஒரு எழுத்து இடது என்று மாற்றிப்போட்டுப் பார்த்தேன். ஒரே வரிக்குள் கை மூன்று முறை நகர்ந்திருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்ததில் 'ஆஸ்பத்திரி' என்ற ஒரு சொல் மட்டும் தேறியது. அதுவும் நானாக வரவழைத்ததோ என்னவோ. விட்டுவிட்டேன்.

அவள் விடவில்லை. லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு வெறும் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தட்டுகிறாள்.

"சத்தம் வருதில்ல, அது போதும்" என்கிறாள்.

நேற்று கேட்டைத் திறக்கும்போது உள்ளே அவள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். நான் வந்தது தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.