முதலையின் முதுகில் ஒரு பெயர்

நாங்கள் குடியேறிய சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்த கொங்கோக்காரரிடம் ஒரு மரமுதலை இருந்தது. முழங்கை நீளம். தலையும் வாலும் நுணுக்கமான செதுக்கு. முதுகு மட்டும் பலகைபோலத் தட்டை. அவருடைய ஊரில் களவோ கோளோ நடந்தால், குறி சொல்பவர் அந்த முதுகை நனைத்து, ஒரு மரவில்லையை வைத்துத் தேய்த்தபடி ஒவ்வொரு பெயராகச் சொல்வாராம். வில்லை எந்தப் பெயரில் ஒட்டி நிற்கிறதோ, அவர்தான் குற்றவாளி.

எனக்குப் பெயரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மகளுக்கு ரொறன்ரோவில் பேசி முடித்த சம்பந்தத்தை யாரோ குழப்பியிருந்தார்கள். அந்த வீட்டாரை அறிந்தவன் இங்கே ஒருவன்தான்: அகதியாக வந்த காலத்தில் என்னோடு ஒரே அறையில் படுத்த சிநேகிதன். அவனைப் பலர் முன் தலைகுனிய வைக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் அப்போது சோறு தின்றேன்.

பொங்கலுக்கு வரும் சனத்துக்குக் காட்டவென்று முதலையை இரவல் கேட்டேன். "மனத்தாங்கல் உள்ளவர் தேய்க்கக் கூடாது, வேற்றாள்தான் தேய்க்க வேண்டும்" என்று சொல்லித்தான் அவர் தந்தார். நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன். ஈரம் காயும்போது மரம் மரத்தைப் பிடிக்கும். விரலால் சற்று அழுத்தினால் போதும்.

"வாத்தியார் சாத்திரியாகிட்டார்!" பொங்கலன்று சிநேகிதன்தான் முதலில் சிரித்தான். "எங்கை, என்ர பேரையும் சொல்லன் பாப்பம்."

சம்பந்தத்தைக் குழப்பியது யார் என்று கேட்டுத் தேய்த்தேன். மற்றவர்களின் பெயர்களுக்கு வில்லை வழுக்கி ஓடியது. அவன் பெயரில் அழுத்தினேன். நின்றது.

"காணும் மச்சான், விடு பகிடியை."

"முதலை பகிடி விடாது," என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி எழுந்து தங்கள் குளிர்க்கோட்டுகளைத் தேடினாள். அவன் முகம் கறுத்தபோது எனக்குள் ஊறிய இனிப்பை இன்றும் மறுக்கமாட்டேன்.

எல்லாரும் போனபின் மகள் சொன்னாள்: "அப்பா, நான்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு போன் பண்ணி வேண்டாமெண்டு சொன்னனான். உங்களிட்டைச் சொல்லப் பயம்."

மறுநாளே அவனிடம் போயிருக்கலாம். போகவில்லை. அவன் குற்றமற்றவன் என்று தெரிந்த பிறகும், அவன் தலைகுனிந்தது எனக்குப் பிடித்திருந்தது. பல வருடங்களாகச் சனம் அவனைக் கோள்காரன் என்றது; நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன கிழமை கோயிலில், எல்லாரும் அன்னதானம் சாப்பிடும்போது எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"உன்ர விரல் அழுத்தினதை நான் அண்டைக்கே கண்டனான்," என்றான். "இப்ப போய் இரு. சோறு ஆறுது."